9 வயதில் ரிதமிக் ஜிம்னாஸ்டிக் தொடங்கினால் எவ்வளவு தூரம் போகலாம்? மேல்மட்ட வீராங்கனையின் வருடக் கணக்கு

கறுவாத்தோட்டம்_சுதா
வணக்கம். மகளுக்கு வாற மாசியில 9 வயது. வளையமும் ரிப்பனும் வைச்சு ஆடுற ரிதமிக்தான் வேணுமாம். கேள்வி நேரா: உலக மட்டத்தில ஆடுற ஒரு பிள்ளையின்ர காலம் எப்ப தொடங்கி எப்ப முடியுது? 9 பிந்திப் போச்சோ? கொழும்பில இருந்துகொண்டு எதுவரை நடைமுறைச் சாத்தியம்? "ஆர்வம் இருந்தால் எல்லாம் நடக்கும்" எண்ட பதில் வேண்டாம், தயவுசெய்து.

நடுவர்மேசை
வயதுக் கணக்கை முதலில் வைத்துவிடுகிறேன். சர்வதேச ஜிம்னாஸ்டிக் சம்மேளனமான எஃப்.ஐ.ஜி. விதிப்படி 13 முதல் 15 வரை ஜூனியர், 16 முதல் சீனியர். பிறந்தநாள் அல்ல, 16 நிறையும் ஆண்டுதான் கணக்கு. 2017 மார்கழியில் பிறந்தவரும் 2017 தையில் பிறந்தவரும் 2033 தையிலேயே ஒன்றாகச் சீனியர் ஆவார்கள். மார்கழிப் பிள்ளை உடல் முதிர்ச்சியில் கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்னால் நிற்பாள். யாரும் பேசாத பாதகம் இது.

ரஷ்யா, பல்கேரியா, உக்ரைன் போன்ற இடங்களில் 4, 5 வயதில் தொடங்குவார்கள். 13 வயதுக்குள் உடல் வேலை முடிந்திருக்கும், அதாவது பிளவு (கால்களை எதிரெதிரே விரிப்பது) 180 பாகைக்கு மேல், முதுகு வளைவு, முன்பாதத்தில் உயர்ந்து நின்று சுழலும் பழக்கம். அதன்பிறகு கூடுவது கருவித் திறனும் மேடை முதிர்ச்சியும்.

உச்சம் 17 முதல் 22. ரஷ்யாவின் யெவ்கேனியா கனாயெவா 1990இல் பிறந்தவர். 2008 பெய்ஜிங்கிலும் 2012 லண்டனிலும் தனிநபர் ஒலிம்பிக் தங்கம், அந்த 2012 முடிவிலேயே 22 வயதில் ஓய்வு. தனிநபர் தங்கத்தை இரண்டு முறை வென்றவர் அவர் ஒருவரே. 2024 பாரிஸில் வென்ற ஜெர்மனியின் டார்யா வர்ஃபலமேயெவுக்கு அப்போது 17. சைபீரியாவின் பர்னவூலில் தொடங்கி, 12 வயதில் ஜெர்மனிக்குப் போனவர். அவருடைய கோச் யூலியா ரஸ்கினா, 2000 சிட்னி வெள்ளி.

ஆக 9 வயது என்பது ஒலிம்பிக் மேடைக்குப் பிந்தியதுதான். தேசிய மட்டத்துக்கும் தென்னாசிய மட்டத்துக்கும் பிந்தியதல்ல. பாலே, பரதம், நீச்சல் ஏதாவது இரண்டு வருடம் பழகியிருந்தால் பாதி இடைவெளி அடைபடும்.

பம்பலப்பிட்டி_பாலன்
22இல ஓய்வு எண்டால் இது என்ன விளையாட்டு? கிரிக்கெட்டில அந்த வயதில அணிக்குள்ளயே வந்திருக்க மாட்டாங்கள்.

ரிலேவே
பாலன் அண்ணை, விதிவிலக்கும் இருக்கு. ஸ்பெயினின் அல்முதேனா சிட் 1996, 2000, 2004, 2008 எண்டு நாலு ஒலிம்பிக் தனிநபர் இறுதிப் போட்டியிலும் ஆடினவர். கடைசி முறை வயது 28.

குழுப் போட்டியில காலம் இன்னும் நீளும். இத்தாலிக் குழுத் தலைவி அலெஸ்ஸியா மவுரெல்லி பாரிஸில 27 வயதில ஆடினவர். காரணம் எளிது. தனிநபர் நாலு கருவிக்கு (வளையம், பந்து, கிளப், ரிப்பன்) நாலு ரூட்டின், அதாவது இசைக்கு அமைச்ச ஆட்டம், வைச்சிருக்க வேணும், குழுவில 5 பேருக்கு இரண்டே ரூட்டின். உடலின்ர அதியுச்ச வளைவை விட நேரம் பிசகாமல் எறிஞ்சு பிடிக்கிற அனுபவம் அங்க பெறுமதி. 13 க்கு 13 மீற்றர் தளத்தில 5 பேர், 5 கருவி, இரண்டரை நிமிஷம். அனுபவசாலி ஒருத்தி நடுவில இல்லாட்டி அது சந்தைதான்.

வெள்ளவத்தை_நிலா
கொழும்புக்கு இதை மொழிபெயர்த்தால் என்ன வரும் எண்டு யாரும் சொல்லேல்ல. நான் சொல்றன்.

10 வயது: புலமைப்பரிசில் பரீட்சை. உலகத்தில மற்றப் பிள்ளைகள் முதுகு வளைவையும் பந்து உருட்டலையும் ஆழமாப் பழகுற வருஷம் அது.
13: ஜூனியர் தொடக்கம், ரியூசனும் தொடங்குற காலம்.
16: சீனியராகிற வருஷம், அதே வருஷம் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை).
18, 19: உச்சம் தொடங்குற இடம், ஏ.எல். (உயர்தரப் பரீட்சை).

இந்த நாலு மோதலில ஆகப் பெரிய சேதம் செய்யுறது ஓ.எல். இல்லை, புலமைப்பரிசில்தான். 16 வயதில 5 மாதம் விட்டால் ரூட்டின் மங்கும், நெகிழ்வு பெரும்பாலும் திரும்பி வரும். 9, 10 வயதில ஒரு முழு வருஷம் விட்டால் பிள்ளை கிடுகிடுவெண்டு உயரமாகிறதுக்கு முந்தின மென்மையான காலமே போயிடும். ஆக சுதா அக்கா, மகளை எந்த வருஷம் நிப்பாட்டப் போறீங்கள் எண்டதை இப்பவே தீர்மானியுங்கோ. பரீட்சைக் காலத்தில முழுசா நிப்பாட்டாமல் கிழமைக்கு 3 நாள், 40 நிமிஷம், நீட்டலும் கணுக்கால் வேலையும் மட்டும் வைச்சாலே இழப்பு பாதியாகும்.

கறுவாத்தோட்டம்_சுதா
நிலா, இதுதான் எனக்கு வேணும். புலமைப்பரிசில் எழுதாமல் விடலாம் எண்டு வீட்டில சொன்னால் பூகம்பம் வரும், அது வேற கதை. இலங்கையில இருந்து இதுவரை யாரும் வெளிய ஆடியிருக்கினமா?

நடுவர்மேசை
ஆனா-மேரி ஒண்டாச்சி 2022 பர்மிங்காம் பொதுநலவாயப் போட்டியில் இலங்கைக்காக ஆடியவர். அவர் கனடாவில் பயின்றவர் என்பதைச் சேர்த்தே வாசியுங்கள். மில்கா கெஹானி டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடினார், ஆனால் அது கலைநய ஜிம்னாஸ்டிக், கம்பியும் உத்தரமும் உள்ள பிரிவு. இரண்டையும் பத்திரிகைகள் குழப்பும்.

ஒலிம்பிக் வாசல் எவ்வளவு ஒடுக்கம் என்று பாருங்கள். பாரிஸில் தனிநபருக்கு 24 இடம், ஒரு நாட்டுக்குக் கூடியது 2. ஆசியாவில் உஸ்பெகிஸ்தானும் கஸகஸ்தானும் பலம். கவனிக்க: 2026 கிளாஸ்கோ பொதுநலவாயப் போட்டியின் பட்டியலில் ரிதமிக் இல்லை, கலைநயப் பிரிவு மட்டும். இங்கே இருந்து எட்டக்கூடிய பெரிய மேடைகளில் ஒன்று அந்தச் சுற்றில் கழன்றுவிட்டது.

பம்பலப்பிட்டி_பாலன்
புள்ளி விஷயத்தை ஆராவது விளங்கப்படுத்துங்கோ. டோக்கியோவில 107 எடுத்தவ தங்கம், பாரிஸில 136 எடுத்தவ வெண்கலம். மூண்டு வருஷத்தில இவ்வளவு முன்னேற்றமா?

நடுவர்மேசை
முன்னேற்றம் அல்ல, கணக்கு மாறியது. டோக்கியோவில் கடினத்துக்குத் தனியாக ஒரு புள்ளித்தொகை, செயற்பாட்டுக்கு உயர்ந்தது 10. 2022 முதல் கலைத்தன்மை தனியாகப் பிரிந்து அதற்கும் 10. ஒரு ரூட்டினுக்குக் கலைத்தன்மை 8 சொச்சம் கூடினால் நாலு கருவிக்கு முப்பதுக்கு மேல் ஏறிவிடும். வர்ஃபலமேயெவின் 142.850ஐ நாலால் பிரித்தால் ஒரு ரூட்டினுக்கு ஏறத்தாழ 35.7. பழைய ஆட்டத்தோடு ஒப்பிடவே கூடாது.

இப்போதுள்ள அமைப்பு இப்படி. கடினம் இரண்டு கூறு, உடல் கடினமும் கருவிக் கடினமும். உடல் கடினத்தில் பாய்தல், சமநிலை, சுழற்சி மூன்றும் வரவேண்டும். கருவி கையில் சும்மா இருக்க, கால் மட்டும் அழகாகத் தூக்கினால் அது கணக்கில் சேராது. ஒவ்வொரு கடினத்தோடும் கருவி ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். புதியவர்கள் புள்ளி இழக்கும் முதல் இடம் இதுதான். சமநிலையில் வடிவம் தெளிவாக ஒரு வினாடியாவது நிற்க வேண்டும். அரை வினாடியில் நழுவினால் பெறுமதி பூச்சியம், தள்ளாட்டத்துக்குக் கழிவு வேறு.

ஆபத்து எறிதல் என்று ஒன்று உண்டு. தன் உயரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் எறிந்து, கீழே குறைந்தது இரண்டு முழுச் சுழற்சி செய்து பிடிப்பது. அடிப்பெறுமதி 0.20. தன் பார்வைக்கு வெளியே பிடித்தால், கையில்லாமல் பிடித்தால் ஒவ்வொன்றுக்கும் 0.10 கூடும்.

கழிவுகள் மனப்பாடமாக இருக்க வேண்டியவை. கருவி விழுந்து நின்ற இடத்திலேயே எடுத்தால் 0.50, ஓரிரு அடி நடந்தால் 0.70, மூன்றடி அல்லது அதற்கு மேல் போனால் 1.00. எல்லைக்கோட்டைத் தாண்டினால் கோட்டு நடுவரின் 0.30 வேறு. ரூட்டின் 1 நிமிடம் 15 வினாடிக்கும் 1 நிமிடம் 30 வினாடிக்கும் இடையில் இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் வினாடிக்கு 0.05.

ஒரு 0.50 எவ்வளவு பெரிது? ரியோ 2016இல் யானா குத்ரியாவ்த்சேவா கிளப் ரூட்டினின் கடைசியில் ஒன்றைத் தவறவிட்டார். தங்கம் வென்ற ரஷ்யாவின் மார்கரீத்தா மமூன் 76.483, குத்ரியாவ்த்சேவா 75.608. டோக்கியோவில் லினோய் அஷ்ராம் ரிப்பனைத் தவறவிட்டும் 0.150 வித்தியாசத்தில் வென்றார். கடினத்தில் முன்கூட்டியே சேர்த்து வைத்த மிச்சம்தான் அவரைத் தாங்கியது.

ரிலேவே
மமூனின்ர தகப்பன் வங்காளதேசத்தவர். எங்கட பிராந்தியத்துக்கு இதில பெருமைப்பட அது ஒண்டுதான் இருக்கு, அதையும் ரஷ்யா எடுத்துக்கொண்டுது.

புறக்கோட்டைத்_தராசு
கருவிக்கு வருவோம். சுதா அக்கா வாங்கப் போற முன்னம் இதைப் படியுங்கோ.

வளையம்: சீனியருக்கு உள்விட்டம் 80 முதல் 90 செ.மீ., எடை குறைஞ்சது 300 கிராம். 9 வயதுப் பிள்ளைக்கு நிமிர்த்தி வைச்சால் இடுப்பெலும்பு வரை வர வேணும், அதுதான் அளவு. பயிற்சிக்குப் பிளாஸ்டிக் தண்ணிக் குழாயில செய்யலாம். 75 செ.மீ. விட்டம் வேணுமெண்டால் குழாய் நீளம் 236 செ.மீ. பிழைக்கிற இடம் மூட்டு. உள்ளுக்குள்ள செருகுற துண்டு 10 செ.மீ.க்குக் குறைஞ்சால் உருட்டேக்க அந்த இடத்தில "டக்" எண்டு துள்ளி பாதை வளையும். வெயில்ல நிக்கிற காருக்குள்ள, ஓட்டோவுக்குப் பின்னால சொருகி வைச்சால் நீள்வட்டமாப் போயிடும், திரும்பி வராது. மட்டமாப் படுக்க வையுங்கோ. பளபளக்கும் டேப் சுத்துறவை முழுச் சுத்துக்கு எவ்வளவு எடை ஏறுது எண்டு தராசில பாருங்கோ. ஒரே பக்கம் தடிச்சால் சுழற்சி தள்ளாடும்.

பந்து: சீனியருக்கு 18 முதல் 20 செ.மீ. விட்டம், 400 கிராம். விட்டத்தை அளக்கக் கஷ்டம், தையல் நாடாவால சுத்தளவு பாருங்கோ. 18க்கு 56.5 செ.மீ., 20க்கு 62.8. சின்னப் பிள்ளைக்கு 16 செ.மீ. அளவு, 300 கிராம் போதும். காத்து அடிக்கேக்க ஊசிக்கு ஒரு துளி சவர்க்காரத் தண்ணி தடவாட்டி வால்வு கிழியும். கொழும்பு வேர்வையில பந்து முன்கையில உருளாமல் ஒட்டும், இல்லாட்டி வழுக்கும். துவாயும் ஈரத்துணியும் தளத்துக்குப் பக்கத்தில இருக்கட்டும். பவுடர் போடாதீங்கோ, கம்பளத்தில படிஞ்சு அடுத்த பிள்ளை சுழலேக்க வழுக்கும்.

கிளப் (ஒரு முனை பருத்த சோடித் தடி): 40 முதல் 50 செ.மீ., ஒவ்வொண்டும் 150 கிராம். முழங்கையில இருந்து விரல் நுனி வரை பிடிச்சு அளந்தால் அண்ணளவா சரி.

கயிறு சீனியர் தனிநபரில இப்ப இல்லை. ஆனால் துள்ளலுக்கும் மூச்சுக்கும் அதைவிட மலிவான ஆசிரியர் கிடையாது. நடுவில மிதிச்சால் இரு முனையும் அக்குள் வரை வர வேணும்.

கறுவாத்தோட்டம்_சுதா
ரிப்பனை விட்டிட்டீங்கள். அவளுக்கு அதுதான் முக்கியம்!

புறக்கோட்டைத்_தராசு
விடேல்ல, தனிப் பதிவு வேணும் அதுக்கு.

சீனியர் ரிப்பன் குறைஞ்சது 6 மீற்றர், ஜூனியர் 5. அகலம் 4 முதல் 6 செ.மீ., துணி மட்டும் 35 கிராமுக்குக் குறையக் கூடாது. தடி 50 முதல் 60 செ.மீ., தடிப்பு 1 செ.மீ.க்கு மிஞ்சக் கூடாது. தடியோட இணையுற முனையில ஒரு மீற்றருக்கு மேற்படாமல் துணியை இரட்டையா மடிச்சுத் தைக்கலாம். அந்த இரட்டைப் பகுதிதான் கையின்ர விசையை வாலுக்கு, அதாவது மறுமுனைக்கு, கடத்துது, அதை விட்டால் ரிப்பன் தடியிலேயே சுத்திக்கொள்ளும். நடுவில சுழலுற கொக்கி இறுகினால் முறுக்கு ஏறும். மீன்பிடிக் கடையில வாங்குற சின்ன உருளைச் சுழலி பயிற்சிக்குப் போதும்.

புறக்கோட்டைக் கெய்சர் வீதியில சுருளாக் கிடைக்கிற சாட்டின் பட்டி பயிற்சிக்கு உதவும், ஆனா இரண்டு சோதனை செய்யுங்கோ. 6 மீற்றர் வெட்டிச் சமையல் தராசில வையுங்கோ. பரிசுப்பொதி கட்டுற வகை 35க்கு எவ்வளவோ கீழ நிக்கும், காத்தில மிதந்து பின்தங்கும். பிறகு உள்ளங்கையில கசக்கி விடுங்கோ. மடிப்பு நிண்டால் அந்த மடிப்பிலதான் முடிச்சு பிறக்கும்.

முடிச்சு ஏன் விழுது? வால் முழுக்க ஓடி முடியுறதுக்கு முன்னம் மணிக்கட்டு நிண்டால் வால் தன்மேலயே விழும். அதோட கை முழங்கையில இருந்து ஆடி, மணிக்கட்டு செத்துக் கிடக்கிறது இன்னொரு பிழை. சுருள் போடேக்க 4, 5 வட்டம் ஒரே உயரத்தில நெருக்கமா வர வேணும், பாம்பு அசைவும் அப்படியே 4, 5 அலை. பிள்ளைக்கு 6 மீற்றரைக் கையில குடுக்காதீங்கோ. 3 மீற்றரில தொடங்கி, வால் நிலத்தில படாமல் ஒரு நிமிஷம் ஓடினால் 4, பிறகு 5.

மின்விசிறி. கொழும்பில பாதி மண்டபத்தில விசிறி இல்லாமல் நிக்கேலாது, விசிறி இருந்தால் ரிப்பன் ஆடேலாது. ஏசிக் குழாய்க்கு நேர கீழயும் அதே கதி. ரிப்பன் வேலையை முதல் 20 நிமிஷத்தில, விசிறியை நிப்பாட்டிச் செய்யுங்கோ. கூரை 8 மீற்றராவது இருக்க வேணும், இல்லாட்டி எறிதல் எல்லாம் தாழ்வாப் பழகி மேடையில நேரம் பிசகும்.

நடுவர்மேசை
சேர்க்கிறேன்: சின்ன முடிச்சு கையாளுதலைப் பாதித்தால் 0.30, ஆட்டம் தடைப்பட்டால் 0.50. அவிழ்க்க நேரம் எடுக்கும் என்றால் தளத்துக்கு வெளியே வைத்த மாற்று ரிப்பனை எடுப்பதே கெட்டித்தனம். மாற்றுக் கருவி வைக்க விதி அனுமதிக்கிறது. வைக்காமல் விடுபவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

வெள்ளவத்தை_நிலா
பயிற்சி மணித்தியாலம் எவ்வளவு? மேல்மட்டத்தில கிழமைக்கு 30க்கு மேல எண்டு வாசிச்சிருக்கிறன். 9 வயசுக்கு?

ரிலேவே
9 வயதுக்கு கிழமைக்கு 8 முதல் 10 போதும், 4 நாளாப் பிரிச்சு. 12இல 15 முதல் 18. மேல்மட்டத்தில காலை பாலே கம்பி ஒண்டரை மணித்தியாலம், பிறகு தனித் தனி அசைவுகள், பின்னேரம் முழு ரூட்டின் ஓட்டம். பாலேயை வெட்டுற இடத்திலதான் கால் விரல் நீளாத, முழங்கால் மடங்குற ஆட்டம் உருவாகுது. பிறகு திருத்தேலாது.

நெகிழ்வு வேலையில நடக்கிற மூண்டு பிழை:

குளிர்ந்த உடம்போட பிளவில இருத்துறது. முதல்ல 10, 15 நிமிஷம் ஓட்டமும் கயிறும், உடம்பு வேர்க்க வேணும். நீண்ட நேரப் பிடிப்பைப் பாய்தலுக்குப் பிறகு வையுங்கோ. முன்னம் செய்தால் துள்ளல் குறையும்.

கதிரையில கால் வைச்சு மிகைப்பிளவு செய்யேக்க மேல ஒராள் ஏறி இருக்கிறது. இது இன்னும் சில இடத்தில நடக்குது. கண்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. தடிச்ச புத்தகம் ஒண்டு, 5 செ.மீ., இடுப்பு இரண்டும் நேர முன்னுக்குப் பார்க்க, 30 வினாடி மூண்டு தரம். இடுப்பு திரும்பாமல் நிண்டால் மட்டும் அடுத்த புத்தகம்.

மூண்டாவது, கையால பிடிச்ச காலை மட்டும் பழகிறது. கையை விட்டால் கால் எவ்வளவு கீழ விழுதோ, அதுதான் பலத்தின்ர கடன். கையை விட்டு 8 வினாடி, ஒவ்வொரு காலுக்கும் 5 தரம். கை உதவியில்லாத சமநிலைக்குத்தான் கூடின பெறுமதி.

கணுக்கால்: ஒற்றைக் காலில எழும்பி இறங்கல், ஒரு சுற்றுக்கு 20 தடவை, மூண்டு சுற்று, இரண்டு காலுக்கும். நல்ல காலை மட்டும் பழக்கினால் 14 வயதில முதுகு ஒரு பக்கம் கதைக்கத் தொடங்கும்.

முதுகெலும்பு
அந்தக் கடைசி வரியில நான் நுழையிறன். இந்த ஆட்டத்தில காலத்தை முடிச்சு வைக்கிறது பெரும்பாலும் இரண்டு இடம், கீழ் முதுகும் பாதமும்.

கீழ் முதுகில ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின்ர பின்வளைவில அழுத்த வெடிப்பு. வளர்ற வயதில திரும்பத் திரும்பப் பின்னுக்கு வளையுறதால வரும். அடையாளம்: ஒரு பக்கம் மட்டும் வலி, பின்னுக்கு வளைஞ்சால் கூடும், முன்னுக்குக் குனிஞ்சால் குறையும். இரண்டு கிழமைக்கு மேல நிண்டால் எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காதீங்கோ. விளையாட்டு மருத்துவம் தெரிஞ்ச டொக்டரிட்டக் காட்டுங்கோ. ஆரம்ப வெடிப்பு எக்ஸ்ரேயில தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில தெரியும். நேரத்தோட பிடிச்சால் மூண்டு மாத அளவு ஓய்வில பெரும்பாலும் ஆறும். வலியோட ஆடினால் இரண்டு பக்கமும் வெடிச்சு எலும்பு முன்னுக்கு வழுகும்.

சாப்பாடு இதோட ஒட்டினது. எடையைக் குறைக்கச் சொல்லிச் சாப்பாட்டை வெட்டினால் மாதவிடாய் பிந்தும், எலும்பு அடர்த்தி ஏறாது, வெடிப்பு வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல இதுக்கு "விளையாட்டில் சக்திக் குறைபாடு" எண்டு பேர் வைச்சுது. 15 வயசாகியும் மாதவிடாய் வரேல்ல எண்டால், வந்து பிறகு மூண்டு மாதம் நிண்டால், அது "ஜிம்னாஸ்ட்களுக்கு வழமை" எண்டு விடுற விஷயமில்லை.

வளரிளம் பிள்ளைக்குக் கல்சியம் ஒரு நாளைக்கு 1300 மில்லிகிராம். குரக்கன் 100 கிராமில 340 மில்லிகிராம் அளவு இருக்கு, நெத்தலிக் கருவாட்டை முள்ளோட சாப்பிட்டால் நல்லாச் சேரும், பால், தயிர், கீரை. பயிற்சிக்கு ஒண்டரை மணித்தியாலம் முன்னம் இடியப்பமோ வாழைப்பழமோ, முடிஞ்சு ஒரு மணித்தியாலத்துக்குள்ள சோறும் மீனும் அல்லது முட்டையும். வெறும் வயித்தில மூண்டு மணித்தியாலம் ஆட விடாதீங்கோ.

பம்பலப்பிட்டி_பாலன்
ஆனா மெல்லிசா இருக்கிறவைக்குத்தானே புள்ளி? ரீவியில பாக்கிறம்தானே.

நடுவர்மேசை
விதிப் புத்தகத்தில் உடல் எடைக்குக் கழிவு எதுவும் கிடையாது, அண்ணை. கழிவு முழங்கால் மடிந்தால், விரல் நீளாவிட்டால். அந்த மெலிவு மயக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்: 2001 உலகப் போட்டியில் ரஷ்யாவின் அலினா கபாயெவா, இரீனா சாஷினா இருவரின் பதக்கங்களும் பறிக்கப்பட்டன. சிக்கியது ஃபியூரோசமைட், உடம்பில் நீரை வெளியேற்றும் குளிசை.

வெள்ளவத்தை_நிலா
ஆட்டம் முடிஞ்ச பிறகு? 20 வயதில ஓய்வெண்டால் கையில என்ன மிஞ்சும்?

நடுவர்மேசை
மூன்று வழி. கோச் ஆவது: எஃப்.ஐ.ஜி. அக்கடமி மூன்று நிலைகளில் பாடநெறி நடத்துகிறது. நடுவர் ஆவது: சர்வதேச நடுவர் தகுதி ஒலிம்பிக் சுற்றோடு புதுப்பிக்கப்பட வேண்டும், விதிப் புத்தகமும் அந்தச் சுற்றோடு மாறும், மறுபடி பரீட்சை. மூன்றாவது மேடை, சர்க்கஸ், நடன அமைப்பு.

இங்கே நாலாவதாக ஒன்று. விளையாட்டுச் சாதனைக்குப் பல்கலைக்கழக விசேட அனுமதி இருக்கிறது. ஆனால் ஏ.எல். சித்தி இல்லாமல் அது கிடையாது. நிலா சொன்ன பரீட்சை மோதலில் ஏ.எல்.ஐக் கைவிடச் சொல்லி ஆராவது கோச் கேட்டால் இதைக் காட்டுங்கள். சான்றிதழ்களைப் பெயர், திகதி, மட்டம் தெளிவாக ஆண்டுவாரியாகக் கோப்பில் சேர்த்து வையுங்கள். நாலு வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

கறுவாத்தோட்டம்_சுதா
எல்லாருக்கும் நன்றி. இப்ப கணக்கு இப்படி: இந்த வருஷம் கிழமைக்கு 8 மணித்தியாலம், கயிறும் பந்தும், ரிப்பன் 3 மீற்றர். அடுத்த வருஷம் பரீட்சைக்காக 3 நாள், 40 நிமிஷம். கோச்சிட்டக் கேக்க வேண்டியது பாலே இருக்கா, மேல ஏறி இருக்கிற பழக்கம் இருக்கா, கூரை எவ்வளவு உயரம். ஒரு கடைசிக் கேள்வி, ரிப்பன் கசங்கினால் ஸ்திரிக்கை போடலாமா?

புறக்கோட்டைத்_தராசு
போடலாம், போடத்தான் வேணும். ஆகக் குறைஞ்ச சூடு, மேல மெல்லிய பருத்தித் துணி, நீராவி வேண்டாம். இரட்டைத் தையல் பகுதியைக் கடைசியாப் போடுங்கோ, அங்க சூடு தங்கி நூல் சுருங்கும். ஆறின பிறகு ஒரு கடதாசி உருளையில வால் உள்ளுக்கும் தடி முனை வெளியாலயும் வாற மாதிரிச் சுத்துங்கோ. மறுபக்கமாச் சுத்தினால் மண்டபத்தில விரிக்கேக்க முறுக்கோட வரும். கொழும்பு ஈரத்துக்கு முதல் நாள் இரவு போட்டுப் பிரயோசனமில்லை, போற அண்டைக்குக் காலமை போடுங்கோ.